வெளிநாட்டு வீடியோ கேசட்டைக் கணினியில் ஏற்றும்போது: படம் உருண்டால், நிறம் போனால், குரல் பிந்தினால்

கடையநல்லூர், மேலப்பாளையம், காயல்பட்டினம், வள்ளியூர் என்று எங்கே பரணைக் கிளறினாலும் ஒரு பை வீடியோ கேசட் கிடைக்கும். ரியாத்திலிருந்து வந்திருக்கும், துபாயிலிருந்து வந்திருக்கும். நியூஜெர்சியில் பேத்திக்கு நடந்த காதுகுத்து அதில் இருக்கும். டெக்கிலிருந்து (விசிஆரிலிருந்து) யூஎஸ்பி கேப்சர் கருவி வழியே வீட்டுக் கணினியில் ஏற்றிப் பார்த்து, படம் உருண்டதும் “கேசட் போய்விட்டது அண்ணாச்சி” என்று என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பெரும்பாலும் கேசட் போயிருக்காது. அது பதிவான நாட்டின் தொலைக்காட்சி முறை ஒன்று, இங்கே ஓடுகிற டெக்கின் முறை வேறொன்று. இது தெரியாமல் பழைய பேப்பர்காரருக்குப் போன கேசட்டுகளை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறுவதில்லை. ஆகவே எந்தக் கோளாறுக்கு எதைப் பார்ப்பது என்று, நான் பார்க்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

எதையும் செய்யுமுன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்தக் கேசட் எந்த நாட்டில் பதிவானது? அமெரிக்கா, கனடா, ஜப்பான், பிலிப்பைன்ஸ் என்றால் என்டிஎஸ்சி முறை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய், குவைத், ஓமன் என்றால் பால் முறை. சவூதி, எகிப்து, ஈராக் நாடுகளின் தொலைக்காட்சியிலிருந்து பதிவு செய்ததென்றால் செகாம் முறை. சவூதியில் இருந்தவர் கேமராவில் எடுத்தது பால் முறையிலும் இருக்கலாம், எனவே நாட்டின் பெயரோடு நிற்காமல், டிவியிலிருந்து பதிந்ததா, கேமராவில் எடுத்ததா என்றும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வையுங்கள். கேசட்டின் முகப்பில் டி-120, டி-160 என்றிருந்தால் என்டிஎஸ்சி நாடுகளில் விற்றது. இ-180, இ-240 என்றிருந்தால் பால் நாடுகளில் விற்றது. இது வெறும் கேசட் எங்கே வாங்கப்பட்டது என்பதற்கான துப்புதான். துபாயில் வாங்கி அமெரிக்காவில் பதிந்தவர்களும் உண்டு.

கேசட்டுக்குள் வெள்ளைப் பொடி தெரிகிறது, அல்லது கேசட் நனைந்திருக்கிறது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைப் பார்க்க வேண்டும். கேசட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கண்ணாடி வழியே தெரியும் நாடாச் சுற்று ஒரே சீராகக் கறுத்து மினுங்க வேண்டும். அதன்மேல் விபூதி தூவியதுபோல் வெள்ளையாகவோ சாம்பல் நிறத்திலோ ஏதாவது படர்ந்திருந்தால் அது பூஞ்சை. பக்கவாட்டில் இருக்கும் சிறு பொத்தானை நகத்தால் அழுத்தினால் முன்மூடி திறக்கும். அங்கே நாடாவின் விளிம்பையும் பாருங்கள்.

பூஞ்சை இருக்கிறதா? டெக்கில் போடாதீர்கள். ஒரு முறை ஓட்டினாலும் அந்தப் பொடி, டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். மூக்கில் ஏறினால் உடம்புக்கும் ஆகாது. தனியே ஒரு பாலிதீன் பையில் கட்டி வையுங்கள். இதைத் துப்புரவு செய்ய, அதற்கென்றே ஒதுக்கிய டெக்கும் பழகிய கையும் வேண்டும். இது நேராகத் தொழில் தெரிந்தவரிடம் போக வேண்டிய வேலை.

நனைந்த கேசட் இன்னும் அவசரமானது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததே, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த மழைக்குப் பிறகு, பல பேர் கேசட்டுகளை மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டுவிட்டுக் கொண்டுவந்தார்கள். வெயில் நாடாவை நெளித்துவிடும். தலைமுடி உலர்த்தும் கருவியும் அப்படித்தான். நனைந்த கேசட்டைச் சுற்றவும் கூடாது, ஓட்டவும் கூடாது. வண்டல் காய்வதற்குள் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் அலசி, நிழலில், காற்றோட்டத்தில் நிற்க வைத்து, கூடிய சீக்கிரம் மீட்பு வேலை செய்பவரிடம் சேர்க்க வேண்டும். சேறு உள்ளேயே காய்ந்துபோயிருந்தால் திறக்காமல் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

டெக்கில் உயிரே இல்லை

அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்த டெக் என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகக் கூடாது. ஜப்பான் டெக்கென்றால் 100 வோல்ட். டெக்கின் வாட் அளவைத் தாண்டிய திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வாங்கி அதன் வழியே கொடுங்கள். ஏற்கெனவே செருகிவிட்டீர்கள் என்றால் உள்ளே ஃபியூஸ் மட்டும் போயிருக்கலாம், பவர் சப்ளையே போயிருக்கலாம். அணைத்த பிறகும் உள்ளே மின்னழுத்தம் தங்கும் பகுதி அது. மூடியைக் கழற்றாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

படம் உருளுகிறது, கிழிகிறது

இங்கே கண்ணைவிடக் காது உதவும்.

*குரலும் கெட்டிருந்தால்:* ஆட்கள் எல்லாரும் தடித்த குரலில் இழுத்து இழுத்துப் பேசினால், என்டிஎஸ்சி கேசட் பால் மட்டுமே தெரிந்த டெக்கில் ஓடுகிறது. கீச்சென்று வேகமாகப் பேசினால், நம் ஊர்க் கேசட் அமெரிக்க டெக்கில் ஓடுகிறது. கணினியில் எதை மாற்றினாலும் இது சரியாகாது. டெக்கைத்தான் மாற்ற வேண்டும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த டெக்குகளில் பல, இரண்டு மூன்று முறைகளையும் ஓட்டும். அக்கம்பக்கத்தில், உறவில் விசாரித்தாலே கிடைத்துவிடும். விலைக்கு வாங்குவதாக இருந்தால் உங்கள் அமெரிக்கக் கேசட்டையே எடுத்துப்போய், விற்பவர் கண்முன் ஓட்டிக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.

*குரல் சரி, டிவியிலும் படம் சரி, கணினியில் மட்டும் உருண்டால்:* மென்பொருள் இந்திய முறையில் நிற்கிறது. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் வீடியோ கருவியின் ப்ராப்பர்ட்டீஸில் ‘கான்ஃபிகர் வீடியோ’ என்பதைத் திறந்து, ‘வீடியோ டீகோடர்’ பகுதியில் முறையை என்டிஎஸ்சி-எம் என்று மாற்றுங்கள். பால் கேசட்டுக்கு பால்-பி. சில கருவிகளில் மென்பொருளை மூடித் திறந்தால்தான் மாற்றம் பிடிக்கும். கூடவே பட அளவையும் பாருங்கள்: என்டிஎஸ்சிக்கு 720-க்கு 480, பால் முறைக்கும் செகாமுக்கும் 720-க்கு 576.

*சின்னக் கேசட் என்றால்:* விஎச்எஸ்-சி கேசட்டைப் பெரிய டெக்கில் போட அடாப்டர் உண்டு. 8 மில்லிமீட்டர் ஹேண்டிகேம் கேசட்டுக்கு அப்படியொரு அடாப்டர் உலகத்திலேயே கிடையாது. இருக்கிறது என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அமெரிக்காவில் எடுத்ததென்றால் அமெரிக்க ஹேண்டிகேமே வேண்டும். அதை எடுத்த உறவினர் வீட்டு அலமாரியில் இன்னும் இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள். பல முறை இருந்திருக்கிறது.

டிவியில் நிறம் வருகிறது, கணினியில் கறுப்பு வெள்ளை

என்னிடம் அதிகம் வருகிற கோளாறு இதுதான். அதிகம் பேரைக் குழப்புவதும் இதுதான். டிவியில் வண்ணமாகத் தெரிவதால் டெக் நல்லது, கேசட் நல்லது, அப்படியானால் கேப்சர் கருவிதான் போலி என்று முடிவு கட்டி இரண்டாவது, மூன்றாவது கருவி வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

*அமெரிக்கக் கேசட், வளைகுடா டெக்:* இந்த டெக்குகள் பல, என்டிஎஸ்சி கேசட்டை ஓட்டும்போது நம் ஊர் டிவி ஏற்றுக்கொள்ளும்படி நிறத்தை மட்டும் பால் பாணிக்கு மாற்றி அனுப்பும். இதை பால்-60 என்பார்கள். இன்றைய டிவிக்கு இந்தக் கலப்பு புரிகிறது. சின்ன யூஎஸ்பி கருவிக்குப் பெரும்பாலும் புரிவதில்லை. முதலில் டெக்கின் முகப்பிலோ முதுகிலோ என்டிஎஸ்சி 3.58, 4.43 என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சிலவற்றில் மெனுவுக்குள் இருக்கும். அதை 3.58-க்குத் தள்ளி, மென்பொருளில் என்டிஎஸ்சி-எம் வைத்தால் அந்த நொடியே நிறம் வந்துவிடும். சுவிட்ச் இல்லையென்றால் மென்பொருளின் பட்டியலில் பால்-60, என்டிஎஸ்சி-433 என்ற பெயர்கள் இருக்கின்றனவா பார்த்து ஒவ்வொன்றாக வைத்துப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால்தான் வேறு கேப்சர் கருவியோ, உண்மையான என்டிஎஸ்சி டெக்கோ. இரண்டில் அமெரிக்க டெக்குக்கே என் ஓட்டு. படத்தின் தெளிவும் கூடுகிறது.

*சவூதிக் கேசட்:* கடையநல்லூரிலிருந்து ஒரு உம்மா கேசட் கொண்டுவந்தார். சவூதித் தொலைக்காட்சியில் வந்த ஹஜ் நேரலை. அந்த ஆண்டு அவர் கணவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். அவருடைய அறைத்தோழர் பதிந்து கொடுத்தது. பேரன் அதைக் கணினியில் ஏற்றிவிட்டான், ஆனால் முழுதும் கறுப்பு வெள்ளை. “அந்தக் காலத்தில் அப்படித்தான் உம்மும்மா” என்றும் சொல்லிவிட்டான். என் டெக்கின் முகப்பில் நிறமுறை மாற்றும் சுவிட்ச் ‘ஆட்டோ’வில் நின்றது. அதை ‘மீசெகாம்’ (செகாமின் மத்திய கிழக்கு வகை) என்ற இடத்துக்குத் தள்ளினேன். மென்பொருளில் செகாம் என்று வைத்தேன். படம் ஒரு முறை துள்ளியது. அதுவரை ஒரே கறுப்பாக இருந்த கஅபாவின் திரையில், மேலே ஓடும் எழுத்துப் பட்டைக்குப் பொன்னிறம் வந்தது. அந்த உம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வளைகுடா நாடுகளில் ஓடிய செகாம் கேசட்டுக்கு இரண்டும் வேண்டும்: மீசெகாம் தெரிந்த டெக், செகாம் ஏற்கும் கேப்சர் கருவி. ஒன்று இல்லாவிட்டாலும் கறுப்பு வெள்ளைதான். பட்டியலில் செகாம்-பி, செகாம்-டி, செகாம்-எல் என்று பல இருந்தால் எதை வைத்தாலும் சரி, ஏவி ஒயர் வழியே வரும் படத்துக்கு அவற்றில் வேறுபாடு கிடையாது. டெக் இல்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் பணம் கொடுத்து வெளியே ஏற்றுங்கள். கறுப்பு வெள்ளையாகவே பதிந்து கேசட்டை எறிந்துவிடாதீர்கள். நிறம் நாடாவுக்குள் பத்திரமாக இருக்கிறது.

*நிறம் வருகிறது, முகம் மட்டும் பச்சையடிக்கிறது:* என்டிஎஸ்சியில் இது சகஜம். மென்பொருளில் ‘ஹ்யூ’ என்ற கோலைச் சற்றே நகர்த்துங்கள். ஆட்களின் தோல் நிறத்தைப் பார்த்து நிறுத்துங்கள்.

வெறும் நீலத் திரை, அல்லது கறுப்புத் திரை

மஞ்சள் பின் டெக்கின் ‘அவுட்’டில் இருக்கிறதா? ‘இன்’னில் செருகிவிட்டு மணிக்கணக்காகத் தேடுவார்கள். அடுத்து, மென்பொருளில் உள்ளீடு ‘காம்போசிட்’ என்றிருக்க வேண்டும், ‘எஸ்-வீடியோ’ என்றால் படம் வராது. இரண்டும் சரியென்றால் டெக்கே நீலத்தை அனுப்புகிறது. படம் பலவீனமானால் நீலத் திரை போடும் வசதி மெனுவில் இருக்கும். அதை நிறுத்துங்கள், பின்னால் மறைந்திருந்த படம் தெரியும்.

கடையில் விலைக்கு வாங்கிய சினிமாக் கேசட்டில் படம் வெளிச்சமாகவும் மங்கலாகவும் மாறி மாறி வந்தால் அது நகலெடுப்பைத் தடுக்க வைத்த பூட்டு, கோளாறாக எண்ணித் தேட வேண்டாம். நான் வீட்டுப் பதிவுகளை மட்டும்தான் எடுக்கிறேன்.

பனி பெய்கிறது, குறுக்கே பட்டை ஓடுகிறது

புதிதாகப் போடும் கேசட்டை முதலில் ஒரு முறை கடைசிவரை முன்னோட்டி, முழுவதும் பின்னோட்டுங்கள். பல ஆண்டு சுற்றியே கிடந்த நாடா அப்போதுதான் இளகும். பிறகு, நாடாவின் தடத்தோடு ஹெட்டைப் பொருத்தும் ட்ராக்கிங் பொத்தானை இரு பக்கமும் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். இன்னொரு கேசட்டைப் போட்டு ஒப்பிடுங்கள்: எல்லாக் கேசட்டிலும் பனி என்றால் ஹெட்டில் அழுக்கு.

ஹெட் துடைப்பதை வீட்டிலேயே செய்யலாம், ஆனால் முறை பிசகக் கூடாது. மின்செருகியை உருவுங்கள். மூடியைக் கழற்றினால் பளபளக்கும் உருளை தெரியும், விட்டம் 62 மில்லிமீட்டர். அதன் கீழ் விளிம்பில் உளுந்தைவிடச் சிறிதாக ஒட்டிக்கொண்டிருப்பவைதான் ஹெட்டுகள். வெள்ளைத் தாளில் இரண்டு விரல் அகலத் துண்டு வெட்டி, ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்து, உருளையின் மேல் பொத்தினாற்போல் அசையாமல் பிடியுங்கள். மறு கையால் உருளையின் தலைப்பைத் தொட்டு மெதுவாகச் சுழற்றுங்கள். தாளில் பழுப்புக் கோடு விழும். புதுத் துண்டு மாற்றி, கோடு விழாதவரை செய்யுங்கள். தாளை மேலும் கீழும் ஒருபோதும் தேய்க்காதீர்கள், ஹெட் ஒடிந்துவிடும். காதுக் குடையும் பஞ்சுக்குச்சி வேண்டவே வேண்டாம், பஞ்சு இழை சிக்கி அதுவே ஹெட்டைப் பெயர்க்கும். நன்றாக உலர்ந்த பிறகு கேசட் போடுங்கள். இதற்கும் பனி நிற்கவில்லையென்றால் ஹெட் தேய்ந்துவிட்டது. அந்த டெக்குக்குச் செலவழிப்பதைவிட வேறு டெக் தேடுவது நல்லது.

ஒரே கேசட்டில் மட்டும் பனி என்றால், அது டி-120 ஆக இருந்து உள்ளே ஆறு மணி நேரப் பதிவும் இருந்தால், மெதுவேகத்தில் பதிந்தது. அதற்கு ட்ராக்கிங் நுணுக்கமாகப் பிடிபட வேண்டும், பதிந்த டெக்கே இருந்தால் அதில்தான் நன்றாக ஓடும்.

படத்தின் மேல்பகுதி கொடிபோல் வளைகிறது, பதிவில் படம் அடிக்கடி உறைகிறது

டிவி பொறுத்துக்கொள்ளும் தள்ளாட்டத்தை யூஎஸ்பி கருவி பொறுக்காது. ஒயரை மாற்றிப் பாருங்கள், டெக்கை மாற்றிப் பாருங்கள். தீரவில்லையென்றால் டெக்குக்கும் கணினிக்கும் நடுவில் பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வையுங்கள். டெக்கிலிருந்து அதன் உள்ளீட்டுக்கு, அதன் வெளியீட்டிலிருந்து கேப்சர் கருவிக்கு. பானசோனிக் டிஎம்ஆர்-இஎஸ்10, இஎஸ்15 மாடல்கள் இந்த வேலைக்கே பேர்போனவை. அதற்கும் அடங்காத கேசட்டுக்கு, இந்தத் தள்ளாட்டத்தைச் சீராக்கும் டைம் பேஸ் கரெக்டர் வைத்திருக்கும் ஸ்டூடியோ வேண்டும். விலையுயர்ந்த கருவி அது, நாலு கேசட்டுக்காக வாங்காதீர்கள்.

குரல் இல்லை, அல்லது குரல் பிந்துகிறது

*குரலே இல்லை:* விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோபோன் அனுமதியை மூடி வைத்தால் கேப்சர் கருவியின் ஒலியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் மைக்ரோபோனைத் திறந்துவிடுங்கள். இதற்காக மட்டுமே எத்தனையோ பேர் கருவியை மாற்றியிருக்கிறார்கள்.

*கரகரவென்று இரைகிறது:* டெக்கில் ஒலியை ஹை-ஃபையிலிருந்து ‘நார்மல்’ தடத்துக்கு மாற்றுங்கள்.

*போகப்போகக் குரல் பிந்துகிறது:* தொடக்கத்தில் சரியாக இருந்து, அரைமணி கழித்து உதடு ஒன்று, சொல் ஒன்று என்றானால் படச் சட்டங்கள் (ஃப்ரேம்கள்) தவறுகின்றன. யூஎஸ்பி ஹப்பை எடுத்துவிட்டு நேராகக் கணினியில் செருகுங்கள். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில் வையுங்கள். சட்ட வேகம் என்டிஎஸ்சிக்கு 29.97, பால் முறைக்கும் செகாமுக்கும் 25 என்றே இருக்கட்டும், 30 என்று வைக்காதீர்கள். பதிவு நடக்கும்போது அந்தக் கணினியில் வேறெதுவும் ஓடக் கூடாது.

பதிவு பாதியில் நிற்கிறது

ஒவ்வொரு முறையும் 4 ஜிபியில் நின்றால், நீங்கள் பதியும் டிஸ்க் ஃபேட்32 அமைப்பில் இருக்கிறது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக்குங்கள், அதில் இருப்பதை வேறெங்காவது எடுத்து வைத்த பிறகு. மின்சாரம் போய்க் கோப்பு திறக்காமல் போனால், அடுத்த முறை ஓபிஎஸ்ஸில் எம்பி4-க்குப் பதில் எம்கேவி என்று வைத்துப் பதியுங்கள். மின்சாரம் போன நிமிடம் வரை பதிவானது தங்கும்.

அசைவில் சீப்புப் பல் போன்ற கோடுகள், முகம் அகலமாக, அடியில் நடுங்கும் கீற்று

மூன்றும் கோளாறே அல்ல. கோடுகளுக்கு ஓபிஎஸ்ஸில் ‘டீஇன்டர்லேசிங்’ பகுதியில் யாடிஃப் 2எக்ஸ் வைத்து, அப்போது மட்டும் சட்ட வேகத்தை என்டிஎஸ்சிக்கு 59.94, மற்றவற்றுக்கு 50 ஆக்குங்கள். முகம் அகலமாகத் தெரிந்தால் படத்தை 4:3 விகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். அடிக்கீற்று எல்லா விஎச்எஸ் நாடாவிலும் உண்டு, பழைய டிவி அதைச் சட்டத்துக்குள் மறைத்தது. கறுப்புப் பட்டை போட்டு மூடிவிடலாம்.

டெக் கேசட்டை விழுங்கிவிட்டது, நாடா அறுந்துவிட்டது

இழுக்காதீர்கள். மின்செருகியை உருவி, மூடியைத் திறந்து, நாடா எதில் சிக்கியிருக்கிறது என்று பார்த்து அங்கிருந்து விரலால் விடுவியுங்கள். இது மறுபடி நடந்தால் டெக்கின் பெல்ட்டும் ரப்பர் உருளையும் இறுகிவிட்டன, மாற்றும்வரை அந்த டெக்கில் எந்தக் கேசட்டும் போட வேண்டாம். நாடா அறுந்திருந்தால் செல்லோடேப் ஒட்டாதீர்கள். அதன் பசை கசிந்து ஹெட்டைக் கெடுக்கும். ஒட்டுவதற்கென்றே தனி நாடா உண்டு. தொடக்கத்திலோ முடிவிலோ அறுந்திருந்தால் பொறுமையுள்ளவர் வீட்டில் ஒட்டலாம். நடுவில் அறுந்திருந்தால் கொடுத்துவிடுங்கள்.

வெளியே கொடுக்கும்போது

அமெரிக்கக் கேசட்டை என்டிஎஸ்சியாகவே எடுத்துத் தருவீர்களா, பால் முறைக்கு மாற்றித் தருவீர்களா என்று முதலில் கேளுங்கள். ஒரு ஸ்டூடியோவில் என் அக்காள் மகளின் டொரண்டோ கேசட்டை 25 சட்டத்துக்கு மாற்றி டிவிடியில் தந்துவிட்டார்கள். குழந்தை நடக்கிற ஒவ்வோர் அடியும் வெட்டி வெட்டி விழுந்தது, மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டியதாயிற்று. டிவிடி வேண்டாம், கோப்பாகப் பென் டிரைவில் வேண்டும் என்று சொல்லுங்கள். சவூதிக் கேசட்டென்றால் மீசெகாம் டெக் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள், பார்க்கலாம் என்று இழுத்தால் வேறிடம் போங்கள். பூஞ்சையும் வெள்ள நீரும் பட்டவற்றை வாங்கும்போதே மூடியைத் திறந்து பார்க்கிறாரா என்று கவனியுங்கள். கொடுக்குமுன் கேசட்டின் முதுகில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தாவலை ஒடித்துவிடுங்கள், தவறுதலாக மேலே பதிவாகாது. வேலை முடிந்து வரும்போது கோப்போடு கேசட்டையும் எண்ணித் திரும்ப வாங்கி, பின்னோட்டி, புத்தகம்போல் நிற்க வைத்து, தரையிலிருந்து உயரமான அலமாரியில் வையுங்கள்.